சுவருக்குப் பன்னிரண்டு சீன வாசகங்கள்

கட்டுகஸ்தோட்டை
4.9.1994

அன்பின் அக்கா,

நான் சுகம். உங்கள் சுகத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். போன முறை ஒரு தடிமலுக்கு முழுப் பக்கம் செலவழித்திருந்தீர்கள்.

இரண்டு காரியம். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

முதலாவது மில். பல்லேகலையில் எங்கள் நெசவாலைக்குச் சீனாவிலிருந்து புது மெஷின்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கூடவே நான்கு சீன இஞ்சினியர்களும், அவர்கள் பேச்சை ஆங்கிலமாக்க மிஸ் லின் என்ற பெண்ணும். வயரிங் முழுக்க என் தலையில். மெஷின் செய்த கொம்பனி பரிசாகப் பன்னிரண்டு சிவப்புப் பலகைகள் அனுப்பியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் காரியம் முடிப்பதைப் பற்றி ஒரு சீன வாசகம். மனேஜருக்கு அவை பிடித்துவிட்டன. கீழே சிங்களத்திலும் தமிழிலும் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். சிங்களத்துக்கு ஸ்டோர்ஸ் கீப்பர். தமிழுக்கு, தமிழன் என்ற ஒரே தகுதியில் நான். எனக்கு வயர் தெரியும், வாசகம் தெரியாது. நீங்கள் அச்சகத்தில் பத்து வருடமாகப் பிழை திருத்துகிறீர்கள். இதையும் திருத்துங்கள்.

மிஸ் லின் சொன்னதை அப்படியே தருகிறேன். சிக்கிய சணலைக் கூரிய கத்தியால் வெட்டு. இதுதான் எனக்குப் பிடித்தது. நாற்று வளரவில்லை என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்ட கமக்காரன். பின்னேரம் போய்ப் பார்க்க எல்லாம் வாடிக் கிடந்ததாம். பாம்பை வரைந்து முடித்தவன், நேரம் மிச்சம் இருக்கிறதே என்று அதற்குக் கால் வரைந்தது. கல்லைத் தடவித் தடவி ஆற்றைக் கடப்பது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது. மூன்று நாள் மீன் பிடித்து இரண்டு நாள் வலை காயப்போடுவது. (லாபில் நூல் சோதிக்கிற பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, “இத நம்ம ஃபிட்டர் அண்ணன் தலைக்கு மேலயே மாட்டிடுங்க சார்” என்றது.) தண்ணீர் வந்து சேர்ந்தால் வாய்க்கால் தானாக உண்டாகும் என்றும் ஒன்று. இதை எழுதியவன் நிச்சயம் இஞ்சினியர் இல்லை. மிச்சம் ஐந்தும் இணைத்த தாளில்.

பலகை இரண்டடி அகலம். நான்கு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. நவம்பர் முடிவில் திறப்புவிழா.

இரண்டாவது காரியம் நீங்கள். நான் தங்கும் போடிங் வீட்டில் அடுத்த அறையில் நவரட்ணராஜா என்று ஒருவர் இருக்கிறார். சாவகச்சேரி ஆள். நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவர். வயது நாற்பத்தொன்று. மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தன் தலை நரைத்துப் போயிருந்தது என்று தானே சொல்லிச் சிரிக்கிறார். ஒரு குறை, எல்லாம் ஆறுதல். ஒரு தேத்தண்ணி குடிக்க அரை மணித்தியாலம். உங்களைப் பற்றிச் சொன்னேன். “யோசிப்பம் தம்பி” என்றார். அவர் அகராதியில் அது சம்மதம்.

அம்மா இருந்திருந்தால் அவ பார்த்திருப்பா. இப்போது நான்தான் பார்க்க வேண்டும். அக்கா இருக்கத் தம்பி கலியாணம் முடிக்கக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். எனக்கு இருபத்தெட்டு. ராஜா அண்ணையைப் போல வரிசையில் நின்று நரைக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் வீட்டிலும் இப்போது பாதி அகதிச் சனம். யாழ்ப்பாணத்தில் யாருக்காக இருக்கிறீர்கள்?

ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

தம்பி,
பாகன்

*

கொக்குவில்
27.9.1994

அன்பின் தம்பி பாகனுக்கு,

செஞ்சிலுவைக் கப்பலில் வந்த உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. சுகம் ஒரு வரியில்: இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இதற்கு ஒரு வரிக்கு மேலும் எழுதலாம்.

உன் சீனர்களோடு ஒரு கிழமை இருந்தேன். நல்ல மனிதர்கள். “நாற்றை இழுத்து வளர்க்காதே.” “பாம்புக்குக் கால் வரையாதே.” “தாகத்தில் கிணறு வெட்டாதே.” இவை சுலபம். “கல் தடவி ஆறு கட”. இதை அச்சகத்தில் எல்லோரும் இரண்டு தரம் வாசித்தார்கள். மீன்காரனுக்கு, “மூன்று நாள் வலைவீச்சு, இரண்டு நாள் வலைக்காய்ச்சு.” சொல் எண்ணாதே, ஓசைக்காக விட்டுவிடு. இங்கே கடலுக்குப் போகத் தடை. குருநகரில் ஏழு நாளும் வலை காய்கிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்று எந்தச் சீனனும் சொல்ல முடியாது.

தண்ணீர் வாசகத்தில் பிழை இல்லை. வாய்க்காலைத் தண்ணீர் வெட்டும் என்று அவன் சொல்லவில்லை. வேளை வந்தால் வழி தெரியும் என்கிறான். “பதறாத காரியம் சிதறாது” என்று நாங்கள் சொல்வதும் அதுதான். உனக்கு இரண்டும் பிடிக்காது.

மிச்சமும் இணைத்த தாளில் இருக்கின்றன; கத்தி வாசகத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஆசை. பத்து வருடமாக எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்; சீன எழுத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நாலெழுத்தில் அவ்வளவு விஷயத்தை எப்படி அடக்குகிறார்கள்? முடிந்தால் பார்த்து எழுதி அனுப்பு. தாளுக்குத் தடை; எங்கள் பத்திரிகை இப்போது பள்ளிக் கொப்பித்தாளில்தான் அச்சாகிறது. இடம் சுருக்கும் கலையை நாங்களும் படிக்கலாம்.

லாபில் நூல் சோதிக்கிற பிள்ளைக்குப் பெயர் இல்லையா?

உன் முகம் பார்க்க ஆவலாயிருக்கும்
அக்கா, சத்தியபாமா

*

கட்டுகஸ்தோட்டை
23.10.1994

அன்பின் அக்கா,

சாப்பிடுகிறேன். வீட்டுக்கார றம்லத் உம்மா சமைப்பதைச் சாப்பிடாமல் இந்த வீட்டில் யாரும் வெளியே போக முடியாது.

வாசகங்கள் கிடைத்தன. மனேஜர் மெச்சினார். நீங்கள் கேட்ட எழுத்து முழுவதும் இதோடு வருகிறது. மிஸ் லின் சொல்லச் சொல்ல, கோடு முந்திப் பிந்தாமல் வரிசைப்படி வரைந்திருக்கிறேன். எந்தக் கோட்டை எந்தப் பக்கம் இழுப்பது என்று அம்புக்குறியும் நம்பரும் போட்டிருக்கிறேன். வெள்ளைத்தாள் தேடப் பொழுதில்லை. மேசையில் பழைய வயரிங் படம் ஒன்று கிடந்தது, நல்ல தடித்த தாள், அதன் பின்பக்கத்தில் வரைந்துவிட்டேன்.

நான் கேட்ட ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ராஜா அண்ணையிடம், “அக்கா பதில் போடேல்ல” என்றேன். “போடாததும் ஒரு பதில்தானே தம்பி. வாசிக்கத் தெரியவேணும்” என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுதுங்கள்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் அன்னலட்சுமி. எதற்குக் கேட்டீர்கள்?

அவசரத்தில்,
பாகன்

*

கட்டுகஸ்தோட்டை
16.11.1994

மதிப்புக்குரிய செல்வி சத்தியபாமா அவர்கட்கு,

அறிமுகமில்லாத ஒருவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் தம்பி அம்பிகைபாகன் தங்கும் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவன் நான். தம்பிக்குச் சில நாளாகக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. கை சோர்வாக இருப்பதால் அவருக்குப் பதிலாக நான் இதை எழுதுகிறேன். குணமானதும் அவரே எழுதுவார்.

மில்லில் வாசகங்கள் சுவருக்கு வந்துவிட்டன. தமிழ் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன்.

தங்கள் நலத்தை வேண்டும்
க. நவரட்ணராஜா

*

கொக்குவில்
10.12.1994

திரு. நவரட்ணராஜா அவர்கட்கு,

உங்கள் நலம் நல்லபடி இருக்கட்டும். என் தம்பியின் நலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை.

அவனுக்குப் பதினொரு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தபோது படுக்கையில் இருந்தபடி டொக்டருக்குப் பிழை சொன்னவன். காய்ச்சலுக்கு அவன் கை சோராது. உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் அளவுகோல் வைத்தது போல இருக்கிறது. “காய்ச்சல்” என்ற சொல்லில் மட்டும் பேனை இரண்டு தரம் நின்றிருக்கிறது. பிழை பார்ப்பது என் தொழில்.

அவன் அனுப்புவதாகச் சொன்ன சீன எழுத்துக்களும் வரவில்லை. பத்திரிகையில் வருகிற கைதுச் செய்திகளையும் நான்தான் திருத்துகிறேன். உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எல்லாம் வருகின்றன. தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். நான் தாங்குவேன்.

சத்தியபாமா

*

கட்டுகஸ்தோட்டை
3.1.1995

மதிப்புக்குரிய சத்தியபாமா அவர்கட்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். நலமாக இருக்கிறார். இப்போது முற்றத்தில் றம்லத் உம்மாவின் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு, முன்பு பூட்டியவனைத் திட்டுகிறார்.

காய்ச்சல் என்று எழுதச் சொன்னது அவர்தான். தங்களுக்குத் தெரிந்தால் தாங்கள் தங்களைத்தான் நோவீர்கள் என்று பயந்தார். சொன்ன சொல்லை இன்று மீறுகிறேன்.

அவர் தங்களுக்கு அனுப்பிய தாளை வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வயரிங் படம். மறுபக்கம் யாருக்கும் விளங்காத எழுத்து, நம்பர், அம்புக்குறி. அனுப்பியவர் மின்சாரம் படித்த தமிழ் இளைஞர். போகும் இடம் யாழ்ப்பாணம். நானே அந்த மேசையில் இருந்திருந்தாலும் அதைத் தனியாக எடுத்துத்தான் வைத்திருப்பேன். நவம்பர் தொடக்கத்தில் பொலிஸ் வந்து கூட்டிப்போனார்கள். “எண்ட ஊட்டுப் புள்ள, நான் பொறுப்பு” என்று றம்லத் உம்மா வாசலை மறித்து நின்றார். பலிக்கவில்லை. போகும்போதுதான் தம்பி அந்தக் காய்ச்சலை எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அந்தப் பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் போய் இருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. போகச் சொன்னால் எழுந்து போவேன், மறுநாள் வருவேன். நாள்போக அவர்களே, “இந்த மனிசனுக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டார்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர அனுமதி வேண்டும் என்றேன்.

மனேஜரும் மிஸ் லின்னும் வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் மிஸ் லின் பன்னிரண்டையும் வாசித்தார். மனேஜர் சிங்களத்தில் சொல்ல, சார்ஜன்ட் எழுதினார். நாற்றை இழுத்தவன் கதையில் சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய மச்சான் ஹசலக்கவில் வெங்காயத்துக்கு அப்படித்தான் செய்தானாம். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “இதுக்குத் தமிழ் எழுதக் கண்டியில ஆளில்லையா? யாழ்ப்பாணத்துக்கா அனுப்போணும்?” என்றார். நியாயமான கேள்வி. “ஆள் இருக்கினம் சேர். அவருக்கு அக்கா ஒராள்தான்” என்றேன். அவர் அந்தத் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். மறுகிழமை விட்டார்கள். இடது காதில் கொஞ்சம் மந்தம் இருந்தது. இப்போது கேட்கிறது.

அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை. தாங்கள் பார்க்க ஆசைப்பட்ட எழுத்தை அனுப்ப எனக்கும் ஆசைதான். இன்னொரு தரம் அந்த வாங்கில் இருக்க விருப்பமில்லை.

தங்கள் வீடு கொக்குவில் ரயில் ஸ்டேஷனுக்குக் கிழக்கா மேற்கா? எங்கள் வடக்குப் படங்களில் பழைய வீதிகள்தான் இருக்கின்றன. வரைய இல்லை. மனத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன்.

க. நவரட்ணராஜா

*

கட்டுகஸ்தோட்டை
28.1.1995

அன்பின் அக்கா,

நான் சுகம். நடுவில் காய்ச்சல், இப்போது இல்லை. சீன எழுத்துத் தாள் தபாலில் தொலைந்துவிட்டது. போனால் போகட்டும்.

சண்டை நிறுத்தம் வந்துவிட்டது. ரேடியோவில் கேட்ட அன்றே எழுத நினைத்தேன். கிளாலிக் கடலேரி தாண்டி ஆட்கள் வருகிறார்கள். உடனே பயணப் பாஸ் எடுத்து வெளிக்கிடுங்கள். இந்தச் சமாதானத்தை நம்பி வீட்டுக்கு ஓடு மாற்றாதீர்கள்.

மற்றது. ஐந்து மாதமாக ஒரு சொல் கேட்டேன், நீங்கள் தரவில்லை. ஆகவே நானே வெட்டிவிட்டேன். ராஜா அண்ணையிடம் போன ஞாயிறு, “அக்காவுக்கு விருப்பம் இல்லைப் போல. நீங்கள் வேற இடம் பாருங்கோ” என்று சொல்லிவிட்டேன். மனிதர், “ஓம் தம்பி” என்றார். என்றுவிட்டுச் சேட் தோய்க்கப் போனார். கோபமும் இல்லை, கவலையும் இல்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு உங்களைக் கட்டிவைக்க நினைத்தது என் பிழைதான்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அன்னலட்சுமியைக் கட்ட வேண்டும். அவளுக்கும் சம்மதம். ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டம். அப்பா சுந்தரலிங்கம், தேயிலை ஃபெக்டரியில் வேலை. சித்திரைக்குப் பிறகு வேறு மாப்பிள்ளை வருகிறான். அவளிடம், அக்காவின் காரியம் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது. “அக்காவ நெருக்காதீங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்கிறாள். அவள் பேசி ஆகிற காரியம் இல்லை. தோட்டத்துப் பெட்டை என்று அங்கே சின்னம்மா வாய் திறந்தால் என் பதில் அச்சில் ஏற்ற முடியாததாக இருக்கும் என்று சொல்லிவையுங்கள்.

பாகன்

*

கொக்குவில்
12.2.1995

அன்பின் தம்பி,

உன் காது இப்போது எப்படி?

ஓம், எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து தெரியும். எழுத்தைக் கேட்டவள் நான், அடி வாங்கியவன் நீ. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. நீ ஒளித்ததற்கு உன்னைப் பேசவும் முடியவில்லை.

அவரைக் கோபிக்காதே. நான் கேட்டுத்தான் சொன்னார். பிறகு நான் எழுதினேன், அவர் எழுதினார். சண்டை நின்றபின் தபால் ஓடுகிறது. இந்த மாதத்தில் மட்டும் அவருக்கு மூன்று எழுதிவிட்டேன். உனக்குத்தான் எழுதாமல் இருந்தேன். நீ கேட்ட ஒரு சொல்லை உனக்குச் சொல்ல முதல் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். நீ வெட்டிய நாளில் அந்தக் கடிதம் அவருடைய சேட் பையில் இருந்திருக்கிறது. அதுதான் தோய்க்கப் போனாராம், அதை எடுத்து வைத்துவிட்டு.

எல்லோருக்கும் காரியம் செய்துகொடுக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் போய்த் தினமும் இருக்கிற ஆளை முதல் தரம் கேள்விப்பட்டேன்.

வெளிக்கிடு என்கிறாய். அச்சகத்தில் என் இடத்துக்கு ஒரு பிள்ளையைப் பழக்கிவிட்டுத்தான் வருவேன். கைவிட்டு வர முடியாது. அவர் இங்கே வந்து என்னைக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறார். மார்ச்சில் லீவு எடுக்கிறார். நீ மறிக்காதே.

அன்னலட்சுமியைப் பற்றி இவ்வளவு பிந்தி எழுதினாய். மலையகத்துப் பிள்ளை என்பதால் நான் என்ன சொல்வேனோ என்று பயந்தாய். உனக்கு வாயில் மட்டும்தான் துணிவு. அவளுக்கு நான் தனியாக எழுதுகிறேன். சின்னம்மாவை என்னிடம் விடு.

அக்கா

*

கட்டுகஸ்தோட்டை
14.3.1995

அன்பின் அக்கா,

காது கேட்கிறது. சுகமும் குறையில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் ராஜா அண்ணையோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இன்று காலை வவுனியா பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு பாய், இரண்டு சோப்புக் கட்டி, உங்கள் பத்திரிகைக்காரருக்கு இரண்டு றீம் தாள். தாளைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றேன். “கேட்டுப் பாப்பம்” என்றார். “போனவுடன கலியாண எழுத்தை எழுதிப்போட்டு அடுத்த நாளே வெளிக்கிடுங்கோ. அங்க நின்று தேத்தண்ணி குடிக்காதீங்கோ” என்றேன். “தம்பி, கலியாணம் பேசினது நீர். செய்யிறது நாங்கள்” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அக்கா, இந்த ஒரு முறை என் பேச்சைக் கேளுங்கள். கெதியாக வாருங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு இங்கே மூன்று பேருக்கும் சமைக்க றம்லத் உம்மா இப்போதே கோழி பார்க்கிறார்.

பாகன்

*

கொக்குவில்
30.5.1995

அன்பின் தம்பி பாகனுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். முதலில் இதை நம்பு. பிறகு மிச்சத்தை வாசி.

அவர் வந்து சேர்ந்தார். தாளில் ஒரு றீம் வந்து சேர்ந்தது. வந்த அன்றே, “தம்பி சொன்னபடி எழுத்தை முடிச்சுக்கொண்டு வெளிக்கிடுவம்” என்றார். அவர்தான் சொன்னார், தம்பி. நான்தான் மறித்தேன். பங்குனி பிறந்துவிட்டது, பங்குனியில் ஒரு நல்ல காரியமும் வேண்டாம், கழியட்டும் என்றேன். சின்னம்மா சொன்னா என்று பழி போடலாம். சின்னம்மா வாயே திறக்கவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது; தாலி கட்டுவது ஒருமுறை, அதைக் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு மாதம் நல்ல மாதம். அவர் காலையில் சைக்கிளில் போய் எங்கள் பக்கத்து ஒழுங்கை தெரு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, எது படத்தில் இல்லை என்று சொல்வார். பின்னேரம் அச்சகத்துக்கு வந்து வாசலில் இருப்பார். வருடப்பிறப்பு கழிந்து, ஏப்ரல் பதினேழு, திங்கட்கிழமை, கோயிலில் தாலி கட்டினார். வெள்ளிக்கிழமைக்குப் பாஸ் கிடைத்திருந்தது. புதன்கிழமை சண்டை தொடங்கிவிட்டது. பாஸை நிறுத்திவிட்டார்கள். திரும்ப எப்போது கொடுப்பார்கள் என்று கேட்கவும் ஆளில்லை.

அவருடைய கந்தோருக்குத் தந்தி அடிக்க முடியவில்லை. நீ போய்ச் சொல். வேலை போனால் போகட்டும் என்கிறார். இப்போது என்னோடு அச்சகத்தில் இருந்து தலைப்பு எழுத்துக்களைக் கையால் வரைந்து கொடுக்கிறார். “உமது தம்பி என்னைப் பேசப் போறார்” என்று மட்டும் அடிக்கடி சொல்வார். நீ பேசாதே. பேசுவதென்றால் என்னைப் பேசு.

இப்போது நான் சொல்வதைக் கேள். எங்களுக்காகக் காத்திராதே. பாதை திறக்கட்டும், அக்காவும் அத்தானும் வரட்டும் என்று ஒரு நாளும் பிந்தாதே. இவ்வளவு காலமும் பொறு, பொறு என்றேன். நல்ல நாள் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், அது எங்களைப் பார்க்கவில்லை. சுந்தரலிங்கம் ஐயாவுக்கு நான் எழுதிய கடிதமும் இதற்குள் இருக்கிறது. தமக்கை மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். அவர் கையெழுத்தும் இருக்கிறது, அத்தான் என்ற முறையில்.

உங்கள் இருவரையும் நினைத்தபடி,
அக்கா

*

ஹேவாஹெட்ட
3.9.1995

அன்பின் அக்கா, அத்தான்,

நாங்கள் சுகம். இதில் “நாங்கள்” என்றால் நானும் அன்னமும். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் முழுக் கடிதமும். ஜூலையில் உங்கள் பக்கம் குண்டு விழுந்த செய்தி கேட்ட நாளிலிருந்து ரேடியோவை நான் நிறுத்தவில்லை.

அத்தானின் கந்தோருக்குப் போனேன். அவருடைய மேசையை அப்படியே மூடி வைத்திருக்கிறார்கள். “ராஜா வாரப்ப வரட்டும்” என்று தலைமை வரைபவரே சொன்னார். அத்தானைப் பேச நினைத்துப் பல வசனம் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோச்சு.

உங்கள் கடிதம் ஜூலை நடுவில் வந்தது. அடுத்த நாளே ஹேவாஹெட்டவுக்குப் போனேன். சுந்தரலிங்கம் மாமா அதை இரண்டு தரம் வாசிக்க வைத்துக் கேட்டார். “இம்புட்டு மரியாதையா எங்களுக்கு யாரும் எழுதுனதில்ல” என்றார். பிறகு, “ஆடி முடியட்டும் தம்பி” என்றார். எனக்கு வந்த கோபத்தில் பங்குனிக் கதையைச் சொன்னேன். மனிதர் பஞ்சாங்கத்தை எடுத்தார். “சரி, ஆவணி மொத ஞாயித்துக்கிழம. ஒரு நா தள்ள மாட்டேன்” என்றார். வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நல்ல மழை. என் பக்கத்துக்கு றம்லத் உம்மா, மிஸ் லின், மில்லில் ஆறேழு பேர். மிஸ் லின் சேலை உடுத்திருந்தார். அதற்கு அன்னம் ஒரு மணித்தியாலம் பாடுபட்டாள். நான் முதல் முடிச்சுப் போட்டேன். பூசாரி, “நாத்தனார் எங்க? மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி வாங்க” என்று கூப்பிட்டார். இங்கே மஞ்சள் கயிறுதான், எங்கள் பக்கம் போலத் தங்கக் கொடி இல்லை. ஒரு முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போட வேண்டுமாம். இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அன்னத்தின் பெரியம்மா மகள் ஒருத்தி, “நா போட்டுர்றேன், வேல முடிஞ்சிரும்” என்று முன்னுக்கு வந்தாள். பூசாரி, “யாரு போட்டா என்ன, நேரம் போகுது” என்றார். நானும் வழக்கத்தில் அதைத்தான் சொல்லுகிற ஆள். அக்கா, அன்று கயிற்று நுனிகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்னம்தான் தலை நிமிராமல், “வேணாம். அவங்க வரட்டும்” என்றாள். மாமா, “ஒத்த முடிச்சோடயா?” என்று கேட்டார். “ஒத்த முடிச்சோடதான் அப்பா” என்றாள்.

இரண்டு நுனியும் பிடரியில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துப் பெண்கள் கேலி பண்ணுகிறார்கள். அவள் தலைமயிரால் மூடிக்கொண்டு மில்லுக்கு வருகிறாள். நான் இழுத்துப் பார்த்துவிட்டேன். தாங்கும்.

மிச்சம் இரண்டும் உங்களுடையது. நீங்கள் ஆறுதலாக வாருங்கோ. வந்துவிடுங்கோ.

தம்பி,
பாகன்